மிலிட்டரில கத்துக்கிட்ட தொழிலுக்கு வெளியில என்ன மதிப்பு?

2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சூரல்மலையில ஆத்து மேல இருந்த பாலம் அடிச்சுட்டுப் போயிடுச்சு. அந்தப் பக்கம் முண்டக்கையில மாட்டிக்கிட்டவங்ககிட்ட மண் அள்ளுற இயந்திரமோ ஆம்புலன்ஸோ போக வழி இல்ல. அப்ப ராணுவத்தோட மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் வந்து 190 அடி நீளத்துக்கு ஒரு பெய்லி பாலம் கட்டினாங்க. 24 டன் தாங்கும். ஏறக்குறைய ஒன்றரை நாள்ல வேலை முடிஞ்சு, ஆகஸ்ட் 1 சாயங்காலம் வண்டி ஓடுச்சு. மேஜர் சீதா ஷெல்கே அந்தப் பாலத்து மேல நிக்கிற ஃபோட்டோ உங்க ஃபோனுக்கும் வந்திருக்கும்.

அந்த ஃபோட்டோவுக்கு வெளியில இருந்தவங்களைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறோம். பெய்லி பாலம்னா இரும்பு பேனல்களை ஒன்னோட ஒன்னு பின் போட்டு கோத்து, ஒரு கரையில ரோலர் மேல வெச்சு, எதிர்க்கரை வரைக்கும் தள்ளிக்கிட்டே போறது. எந்த இடத்துல எவ்வளவு எடை விழும், எப்ப தள்றதை நிறுத்தணும், எந்தப் பின் சரியா உட்காரலன்னு பார்க்கத் தெரிஞ்ச ஆட்கள் வேணும். அதைச் செஞ்சவங்க சாப்பர்களும் ஹவில்தார்களும். மெட்ராஸ் சாப்பர்களோட வரலாறு 1780-ல தொடங்குது. ராணுவத்துக்குள்ள அவங்களுக்குச் செல்லப் பேரே 'தம்பி'தான். அந்த அளவுக்கு நம்ம ஊர்ப் பசங்க அதுல இருக்காங்க.

என் கேள்வி ரொம்பச் சின்னது. அந்தப் பாலத்துல வேலை செஞ்ச ஒருத்தர் 37 வயசுல ஓய்வு பெற்று வெளியில வர்றார்னு வெச்சுக்குவோம். ஒரு கட்டுமானக் கம்பெனிக்குப் போய், "எனக்கு இந்த வேலை தெரியும்"னு சொல்ல அவர்கிட்ட என்ன பேப்பர் இருக்கு?

37 வயசுல ரிட்டயர்மென்ட்

நம்மள்ல பல பேருக்கு ரிட்டயர்மென்ட்னா 60 வயசு தாத்தா பிம்பம்தான். ராணுவத்துல கணக்கு வேற. படை இளமையா இருக்கணும்கிறதுக்காக ஜவான்கள்ல பெரும்பாலானவங்க 15-லேர்ந்து 17 வருஷ சர்வீஸ்லயே வெளியில வந்துடுறாங்க. 19 வயசுல சேர்ந்தவருக்கு அப்ப 34-லேர்ந்து 36 வயசு. முப்படைகள்லேர்ந்தும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 60,000 பேர் இப்படி வர்றாங்க. பென்ஷன் உண்டு. ஆனா பிள்ளைங்க அப்பதான் ஸ்கூல்ல இருப்பாங்க, வீட்டு லோன் அப்பதான் ஆரம்பிச்சிருக்கும். அடுத்த 25 வருஷத்துக்கு ஒரு வேலை வேணும்.

நான் வேலை பார்க்கிற பில்டிங்ல ஒரு செக்யூரிட்டி அண்ணன் இருக்கார். ஈஎம்ஈ-ல, அதாவது ராணுவத்தோட வண்டிகள், கருவிகளை எல்லாம் ரிப்பேர் பண்ற பிரிவுல, 17 வருஷம் வண்டி மெக்கானிக். ஒரு நாள் டீ குடிக்கும்போது, "அண்ணே, சர்வீஸ் சென்டர் எதுக்கும் போகலையா?"ன்னு கேட்டேன். சிரிச்சார்.

"போனேன் தம்பி. ஐடிஐ சர்டிபிகேட் இருக்கான்னாங்க. டிஸ்சார்ஜ் புக்கை நீட்டினேன். புரட்டிப் பார்த்துட்டு, மிலிட்டரியா, டிசிப்ளின் நல்லா இருக்குமே, செக்யூரிட்டி சூப்பர்வைசரா வர்றீங்களான்னாங்க."

அவர் இதை ஜோக் மாதிரிதான் சொன்னார். எனக்கு அது ஒரு டேட்டா மைக்ரேஷன் பிரச்சினையாத்தான் தெரிஞ்சது. பழைய சிஸ்டத்துல ஒரு ஆளைப் பத்தி 17 வருஷ ரெக்கார்டு இருக்கு. புது சிஸ்டத்துல அதை வாங்கிக்கிற காலம் இல்ல. அதனால ஏத்தும்போது எல்லாம் உதிர்ந்து போய், ஒரே ஒரு வார்த்தை மட்டும் ஒட்டுது: 'மிலிட்டரி'. அந்த வார்த்தைக்கு நம்ம சந்தையில இருக்கிற அர்த்தம் காவல் வேலை.

இது புதுப் பிரச்சினை இல்ல

நீங்க பிளஸ் டூ முடிச்சதும் வீட்டுல துரத்தித் துரத்திப் பதிய வெச்சாங்களே, வேலைவாய்ப்பு அலுவலகம், அது எப்படி வந்துச்சு தெரியுமா? இரண்டாம் உலகப் போர் முடியுற நேரம், 1945-ல, படையிலேர்ந்து வெளியில வரப்போற லட்சக்கணக்கான இந்தியச் சிப்பாய்களுக்கும் போர்க்கால வேலையாட்களுக்கும் வேலை தேடித் தரத்தான் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் தொடங்கினாங்க. பிரிவினைக்கு அப்புறம் அகதிகளா வந்தவங்களையும் அதுல சேர்த்தாங்க. 1948-லதான் எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. நம்ம எல்லாரும் வரிசையில நின்ன அந்த ஆபீஸே சிப்பாய்களுக்காகப் பிறந்தது.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1950-ல, ஐடிஐ பயிற்சித் திட்டம் வந்துச்சு. ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன்னு ஒவ்வொரு டிரேடுக்கும் தேசிய அளவுல ஒரு சர்டிபிகேட். அதுக்கப்புறம் வெளியில 'தொழில் தெரிஞ்சவர்'ங்கிறதுக்கு அடையாளமே அந்தச் சர்டிபிகேட்னு ஆயிடுச்சு. ராணுவம் தன் டிரேடுகளைத் தனக்கான பெயர்கள்லயும் தரங்கள்லயும் தனியா நடத்திக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு தண்டவாளமும் பக்கத்துப் பக்கத்துல ஓடுச்சு, சந்திச்ச இடங்கள் கம்மி.

பட்டதாரி ஆகலாம், டெக்னீஷியன் ஆக முடியாது

இனி வர்றதுதான் நான் படிச்சு ஆச்சரியப்பட்ட விஷயம். மத்திய அரசோட குரூப் சி வேலைகள்ல 10 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கீடு. அந்த இடங்களுக்கு ஒரு சலுகை விதி இருக்கு. பத்தாவது முடிச்சு, ராணுவத்தோட சிறப்புக் கல்விச் சான்றிதழோ, கடற்படை, விமானப்படையில அதுக்கு இணையானதோ வெச்சிருந்து, 15 வருஷம் சர்வீஸ் போட்டவர், பட்டப்படிப்பு கேட்கிற வேலைக்கும் விண்ணப்பிக்கலாம். நல்ல விதி. நிறைய குடும்பங்களை மேல தூக்கி விட்ட விதி.

ஆனா அதுலயே ஒரு நிபந்தனை இருக்கு. தொழில்நுட்ப அனுபவமோ தொழில்முறை அனுபவமோ கட்டாயம்னு சொல்ற வேலைகளுக்கு இந்தச் சலுகை பொதுவாச் செல்லாது.

கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. 15 வருஷம் ஜெனரேட்டரும் டேங்க் இன்ஜினும் ரிப்பேர் பண்ணின ஒருத்தரை, ஆபீஸ்ல ஃபைல் பார்க்கிற வேலைக்கு 'பட்டதாரிக்குச் சமம்'னு ஏத்துக்கிறோம். அவர் உண்மையிலேயே கத்துக்கிட்ட வேலைக்கு மட்டும் இந்த விதி உதவாது. அவரோட வருஷங்களுக்கு மதிப்புக் கொடுத்தாச்சு, அவரோட கைக்குக் கொடுக்கல.

செக்யூரிட்டி அண்ணன் கதையிலயும் நடந்தது இதுதான். 'ஒழுக்கம், நேரம் தவறாமை, தலைமைப் பண்பு'ன்னு பொதுவாப் பாராட்டுவோம். பாராட்டு நல்லதுதான். ஆனா பொதுவான பாராட்டு பொதுவான வேலையைத்தான் வாங்கிக் கொடுக்கும்.

சரியா பாலம் போட்ட மூணு இடங்கள்

அப்போ இது தீர்க்கவே முடியாத சிக்கலான்னா, கிடையாது. ஏற்கெனவே தீர்த்த இடங்கள் நம்ம நாட்டுலயே இருக்கு.

முதல்ல டிரைவர். 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்துல 18-வது பிரிவு, பாதுகாப்புப் பணிக்கான மத்திய அரசு வண்டிகளை ஓட்ட தனி லைசென்ஸ் கொடுக்க வழி பண்ணுது. அதை வெச்சு வெளியில லாரி ஓட்ட முடியாது, அந்தப் பிரிவே அப்படிச் சொல்லுது. ஆனா 9-வது பிரிவுல ஒரு விதிவிலக்கு இருக்கு. 18-வது பிரிவு லைசென்ஸ் வெச்சிருந்தவர் அதே வகை வண்டிக்குச் சாதாரண லைசென்ஸ் கேட்டா, மறுபடியும் ஓட்டிக் காட்டுற டெஸ்ட் தேவையில்லைன்னு விலக்கு கொடுக்க அது இடம் தருது. சட்டத்துல ஒரே ஒரு வரிதான். மலைப் பாதையில வருஷக்கணக்கா டிரக் ஓட்டினவர், ஆர்டிஓ கிரவுண்டுல எட்டுப் போட்டுக் காட்ட வேண்டிய கட்டாயம் போயிடுது.

ரெண்டாவது, கப்பல். வணிகக் கப்பல்ல வேலை செய்ய எஸ்டிசிடபிள்யூ-ங்கிற சர்வதேச ஒப்பந்தப்படி சர்டிபிகேட் வேணும். அந்த ஒப்பந்தம் போர்க்கப்பல்களுக்குப் பொருந்தாது. அதனால கடற்படையில 15 வருஷம் இன்ஜின் ரூம்ல நின்னவர்கூட வணிகக் கப்பல் கணக்குல புது ஆள்தான். 2020 ஜூலையில கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. கடற்படைப் பயிற்சியையும் வணிகக் கப்பலுக்குத் தேவையான பயிற்சியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எது ஏற்கெனவே முடிஞ்சது, எது பாக்கின்னு பிரிச்சாங்க. பாக்கி இருக்கிற கோர்ஸையும் தேர்வையும் முடிச்சா சர்டிபிகேட்.

மூணாவது, விமானம். விமானப் பராமரிப்பு இன்ஜினியர் லைசென்ஸுக்கு டிஜிசிஏ-வோட சிஏஆர் 66 விதிகள் இருக்கு. சிவில் விமானத் துறைக்கு வெளியில கிடைச்ச அனுபவத்தையும், அது சமமானதா இருந்தா ஏத்துக்கலாம்னு அதுல இருக்கு. கூடவே, சிவில் சூழல் புரியுறதுக்காகக் கொஞ்ச காலம் சிவில் விமானத்துலயும் வேலை செஞ்சிருக்கணும்.

இந்த மூணுலயும் ஒரு பொதுவான விஷயம் இருக்கு. யாரும் 'நீங்க நாட்டுக்காக உழைச்சவர், அதனால இந்தாங்க லைசென்ஸ்'னு கொடுக்கல. யாரும் 'முதல்லேர்ந்து படிச்சுட்டு வாங்க'ன்னும் சொல்லல. என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு வரி வரியாப் பிரிச்சு, தெரியாததை மட்டும் கேட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா, முழு கோடையும் திரும்ப எழுதச் சொல்லாம, டிஃப் மட்டும் பார்த்தாங்க.

ஏன் அப்படியே ஏத்துக்கக் கூடாது?

இதுக்கு எதிர்க்கேள்வி நியாயமானது. போர்க்களத்துல வேலை செய்யுற விதம் வேற, ஊருக்குள்ள வேலை செய்யுற விதம் வேற. படையில நர்சிங் அசிஸ்டென்டா இருந்தவர் குண்டடி பட்டவங்களைக் காப்பாத்தியிருப்பார். ஆனா வெளியில நர்ஸா வேலை செய்ய நர்சிங் கவுன்சில்ல பதிவு வேணும், அதுக்குக் கவுன்சில் அங்கீகரிச்ச படிப்பு வேணும். குழந்தைகள் வார்டு, பிரசவ வார்டு எல்லாம் அந்தப் படிப்புல வரும். நம்ம வீட்டுக் குழந்தையைப் பார்க்க வர்றவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கணும்னு நாம எதிர்பார்க்கிறது தப்பில்ல. வீட்டு ஒயரிங்கும் அப்படித்தான். லைசென்ஸ் விதிகள் பொதுமக்களோட உயிருக்காக இருக்கு.

அதனால நான் கேட்கிறது விதியைத் தளர்த்தச் சொல்லி இல்ல. இடைவெளி எவ்வளவுன்னு அளக்கச் சொல்லித்தான். ஆறு மாசம் படிச்சா போதும்ங்கிற இடத்துல மூணு வருஷம் படிக்கச் சொன்னா, குடும்பம் நடத்துற 37 வயசுக்காரர் அந்த வழிக்கே வர மாட்டார். நேரா செக்யூரிட்டி ஏஜென்சிக்குத்தான் போவார். அங்க அவருக்கு வேலை கிடைக்கும். நமக்கு ஒரு நல்ல டெக்னீஷியன் கிடைக்க மாட்டார்.

அக்னிவீரர்களுக்கு இது ஏன் இன்னும் அவசரம்

2022 ஜூன் 14-ல அக்னிபத் திட்டத்தை அறிவிச்சாங்க. நாலு வருஷம் சர்வீஸ். அதுல 25 சதவீதம் பேர் வரைக்கும் தொடருவாங்க. மத்தவங்க சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோட வெளியில வருவாங்க. பென்ஷன் கிடையாது. முதல் பேட்ச் 2022 கடைசியிலயும் 2023 தொடக்கத்திலயும் பயிற்சிக்குச் சேர்ந்துச்சு. அவங்களுக்கு 2026 கடைசியிலேர்ந்து நாலு வருஷம் முடியும்.

நான் மேல சொன்ன 15 வருஷச் சலுகையை இவங்க பக்கத்துல வெச்சுப் பாருங்க. நாலு வருஷம் போட்டவங்க அந்தக் கணக்குலயே வர மாட்டாங்க. துணை ராணுவப் படைகள்ல தனி ஒதுக்கீடு இருக்கு. ஆனா எல்லாரும் மறுபடியும் யூனிஃபார்ம் போட முடியாது, போடவும் விரும்ப மாட்டாங்க. 'இத்தனை வருஷம் சேவை செஞ்சார்'ங்கிறதை வெச்சு மதிப்புக் கொடுக்கிற பழைய முறை, இவங்களுக்கு வேலை செய்யாது. இவங்க கையில இருக்கப் போறது ரெண்டே விஷயம்: அந்தப் பணமும், கத்துக்கிட்ட தொழிலும்.

அரசும் இதை யோசிச்சிருக்கு. வெளியில வரும்போது திறன் சான்றிதழ் கொடுக்கிறதா சொல்லியிருக்காங்க. இக்னோ வழியா மூணு வருஷப் பட்டப்படிப்பு அறிவிச்சிருக்காங்க. அதுல பாதி கிரெடிட், படையில எடுத்த பயிற்சிக்கே கிடைக்கும். 2013 டிசம்பர்ல வந்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, அதாவது என்எஸ்கியூஎஃப், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு லெவல் கொடுக்குது. படிக்காம வேலை செஞ்சே கத்துக்கிட்டவங்களைச் சோதிச்சுச் சான்று தர்ற ஆர்பிஎல் முறையும் இருக்கு.

கேள்வி, அந்தச் சான்றிதழ்ல என்ன எழுதியிருக்கும்ங்கிறது. 'அர்ப்பணிப்புடன் பணியாற்றினார்'னு இருந்தா அது ஃப்ரேம் போட்டு மாட்டத்தான் உதவும். எந்த மெஷின், எத்தனை மணி நேரம், யார் சோதிச்சாங்க, எந்த அளவுக்குத் தனியா வேலை செய்ய முடியும்னு இருந்தா, அதைப் பார்த்து ஒரு வொர்க்‌ஷாப் மேனேஜர் முடிவெடுக்கலாம்.

அமெரிக்காவுல இதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. ஜாயிண்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்ட்னு ஒரு ஆவணம். படையில எடுத்த ஒவ்வொரு கோர்ஸுக்கும், அது காலேஜ்ல எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட்டுக்குச் சமம்ங்கிற பரிந்துரையோட வரும். ராணுவத்துக்கு வெளியில இருக்கிற ஒரு கல்வி அமைப்புதான் அதை மதிப்பிடுது. எந்தக் காலேஜும் அதை ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல, அங்கயும் லைசென்ஸ் சிக்கல்கள் மாநிலத்துக்கு மாநிலம் உண்டு. ஆனா கையில எல்லாரும் படிக்கக்கூடிய ஒரு பேப்பர் இருக்கு. பேச்சு அங்கேர்ந்து ஆரம்பிக்கும்.

நாம என்ன பண்ணலாம்

உங்க வீட்டுல யாராவது படையில இருந்தா, முதல் வேலை உள்ளே இருக்கும்போதே ஆரம்பிக்கணும். எடுத்த ஒவ்வொரு கோர்ஸோட சர்டிபிகேட்டையும் நகல் எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க. டிஸ்சார்ஜ் புக்குல டிரேடு பேரும் கோர்ஸ் விவரமும் சரியா ஏறியிருக்கான்னு வெளியில வர்றதுக்கு முன்னாடியே பார்க்கணும். யூனிட்டை விட்டு வந்தப்புறம் அதைத் திருத்தறது எவ்வளவு அலைச்சல்னு, வந்தவங்களைக் கேட்டாத் தெரியும். சர்வீஸ் முடியுற கட்டத்துல மறுவாழ்வு இயக்ககம், அதாவது டிஜிஆர், 24 வாரம் வரைக்கும் கோர்ஸ் நடத்துது. கிடைச்ச கோர்ஸை எடுக்காம, தன் டிரேடுல எந்த இடைவெளி இருக்கோ அதை நிரப்புற கோர்ஸைக் கேட்டு வாங்கணும்.

ஏற்கெனவே வெளியில வந்துட்டவங்களுக்கும் வழி இருக்கு. தொழில் அனுபவம் உள்ளவங்க ஐடிஐ-ல சேராமலேயே, தனித்தேர்வரா அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதலாம். நம்ம மாநிலத்துல வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதுக்கு அறிவிப்பு கொடுக்கும். மாவட்டத்துல இருக்கிற முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்துலயும் போய்க் கேளுங்க.

இப்ப நம்ம பக்கம். இதைக் கேட்கிற பல பேர் கம்பெனிகள்ல ஆள் எடுக்கிற இடத்துல இருக்கீங்க, இல்லன்னா இன்னும் அஞ்சு வருஷத்துல இருப்பீங்க. டேட்டா சென்டர் நடத்தறோம், பவர் பேக்கப் நடத்தறோம், நெட்வொர்க் கேபிள் இழுக்கிறோம், வேர்ஹவுஸ்ல வண்டி ஓட்டறோம். ஒரு ரெஸ்யூமேல 'சிக்னல்ஸ்', 'ஈஎம்ஈ', 'சாப்பர்ஸ்'னு பார்த்தா, அங்கேயே நிறுத்திடாதீங்க. "எந்த டிரேடு? என்ன கோர்ஸ் பண்ணீங்க? கடைசியா எந்த மெஷின்ல வேலை செஞ்சீங்க?"ன்னு மூணு கேள்வி கேளுங்க. அரை நாள் ஒரு செய்முறைத் தேர்வு வெச்சுப் பாருங்க. இதுக்கு எந்த அரசாணையும் தேவையில்ல. வேலை விளம்பரத்துல 'ஐடிஐ கட்டாயம்'னு போடுற இடத்துல, 'ஐடிஐ அல்லது அதுக்கு இணையான படைத் தொழில் பயிற்சி'ன்னு போடறதுக்கு எச்ஆர்கிட்ட ஒரு மெயில் போதும்.

எங்க பில்டிங் ஃபெசிலிட்டி டீம்ல ஜெனரேட்டர் பார்க்கிற இடம் ஒன்னு காலியாச்சு. விளம்பரத்துல பழக்கப்படி 'ஐடிஐ கட்டாயம்'னுதான் இருந்துச்சு. அந்த மெயிலை நான் அனுப்பியிருக்கேன். பதில் இன்னும் வரல. வந்தா என்ன சொன்னாங்கன்னு அடுத்த எபிசோடுல சொல்றேன். அதுக்குள்ள உங்க வீட்டுலயோ தெருவுலயோ மிலிட்டரிலேர்ந்து வந்தவங்க இருந்தா, "எந்த ஊர்ல போஸ்டிங்?"னு கேட்கிறதோட நிறுத்தாம, "என்ன டிரேடு?"ன்னும் கேளுங்க. அவங்க சொன்னதை எனக்கு எழுதி அனுப்புங்க.